பத்து எழுத்துக்குள் அடங்காதவர்கள்

ஓரமெல்லாம் துளையிட்ட, மடிப்பு மடிப்பாக விழும் அந்த அச்சுத்தாளை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. தொண்ணூறுகளில், சிட்னியின் மேற்கே இரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றின் கணினிப் பிரிவில் வேலை. பக்கத்துக் கதிரையில் மன்னாரிலிருந்து வந்த அக்கா. ஒருநாள் நோயாளர் விபரங்கள் இருந்த டிஸ்க் செத்துப்போனது. மேலாளர் பெருமையோடு தூக்கிவந்த பேக்கப் டேப்புகளில் ஒன்றுமே பதிவாகியிருக்கவில்லை. மனிதர் ஒரு தடவையாவது போட்டுப் பார்த்திருந்தால்தானே.

மிஞ்சியவை, புரோகிராமில் பிழை பார்க்க அக்கா அந்தத் தாளில் அச்சிடவைத்த டீபக் வரிகள்தான். ஆளுக்கொரு வரி: பெயர், சோதனை, முடிவு. அவற்றின் பிரதி இன்னொரு கணினியில் கிடந்தது. கண்ணால் பார்ப்பதற்கென்று அச்சான வரியில் பெயர் எங்கே முடிகிறது, எண் எங்கே தொடங்குகிறது என்று கணினிக்குத் தெரியாது. அதைப் பிரித்தெடுத்துப் பழையபடி பதிவுகளாக்க அக்கா ஒரு புரோகிராம் எழுதினார். எல்லாம் திரும்பி வந்தன, எங்கள் ஆட்களைத் தவிர.

டீபக் வரியில் பெயரின் முதல் பத்து ஆங்கில எழுத்துத்தான் விழும். ஸ்மித்துக்கு அது தாராளம். எங்களுக்கு எங்கே காணும்? திருச்செல்வமும் திருச்செல்வராசாவும் ஒரே ஆளாகி நின்றார்கள். ஒருவருடைய இரத்தத்தில் சீனி எக்கச்சக்கம், மற்றவருக்கு ஒன்றுமில்லை. யாருக்கு எது?

“ஒரே பெயர் என்றால் ஒன்றாக்கிவிடு, திங்கட்கிழமை திறக்கவேண்டும்” என்றார் மேலாளர். என்ன கொழுப்பு! அக்கா முடியாதென்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு என்னிடம் திரும்பினார்: “ரெண்டு பேரின்ர ரத்தத்தை ஒண்டாக்கட்டாம். எனக்கு ஏலாது தங்கச்சி. பிழையான ஆளுக்கு மருந்து குடுத்தா ஆர் பதில் சொல்லுறது?”

பெயர் வெட்டுப்பட்ட ஒவ்வொருவருக்காகவும் அவர்களுடைய வைத்தியர்களுக்குத் தொலைபேசியெடுத்து, முழுப்பெயரும் முன்பு அவர்களுக்கு அனுப்பிய முடிவும் கேட்டுச் சரிசெய்தார். நிலையம் திறப்பது சில நாள் தள்ளிப்போனது. கூட்டத்தில் மேலாளர், தரவுகளைத் தான் மீட்டதாகச் சொல்லிக் கைதட்டு வாங்கினார். அக்காவின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. தாமதப்படுத்தினாராம், சரிபார்த்து முடிந்தபின்னும் டீபக் வரிகளை நிறுத்தாமல் விட்டதும் குற்றமாம். அந்த வரிகள் இல்லாவிட்டால் மேலாளரின் கதிரையல்லவா முதலில் போயிருக்கும்?

அக்கா போன மறுவாரம் ஒரு வைத்தியரின் தாதி அவரைத் தேடித் தொலைபேசியெடுத்தாள். இல்லையென்றேன். அக்கா எடுத்துக் கேட்டபோதுதான் கோப்பில் கிடந்த முடிவை வைத்தியர் கவனித்தாராம், திருச்செல்வராசாவுக்கு இன்சுலின் தொடங்கியாகிவிட்டது, இன்னும் பிந்தியிருந்தால் ஆபத்து, அக்காவுக்குச் சொல்லிவிடுங்கள் என்றாள்.

நான் கதவைத் தட்டவில்லை. நேரே மேலாளரின் அறைக்குள் போய், திருச்செல்வராசா என்ற பெயரை முழுவதுமாக, ஒவ்வொரு எழுத்தாக, அவர் எழுதி முடிக்கும்வரை நின்று சொன்னேன்.