‘ஃபார்மாட்’ பண்ணாமல் மாற்றிய மதர்போர்டு

2001 ஏப்ரல் 18, புதன்கிழமை. ஐந்து நாற்பதுக்கு எழுந்து, குழாயில் தண்ணீர் நிற்பதற்குள் ஏழு குடம் பிடித்து, முன்னறையைப் பெருக்கித் துடைத்து, அப்பாவுக்குத் தூக்குச் சட்டியில் மோர் ஊற்றிக் கொடுத்தேன். அவர் ஏழேகாலுக்குச் சைக்கிளை எடுத்துக்கொண்டு சாலைக் கடைத்தெருவில் தாம் பில் எழுதும் இரும்புக் கடைக்குப் போனார். எட்டரைக்கு அம்மாவின் கம்ப்யூட்டர் பெட்டியைத் தரையில் விரித்த பழைய வேட்டியின்மேல் படுக்க வைத்து மூடியைக் கழற்றினேன். குப்பென்று மேலே வந்தது கருகிய வாடை, வார்னிஷும் ரப்பரும் சேர்ந்து தீய்ந்ததுபோல, தொண்டையில் போய் ஒட்டிக்கொண்டு காறினாலும் போகாத வாடை.

இவ்வளவும் அந்த வருட நாட்குறிப்பில் இருக்கிறது. எனக்கு அப்போது பதினைந்து வயது. பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதிவிட்டு, முடிவுக்குக் காத்திருந்த விடுமுறை அது.

நாங்கள் நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்து திருவனந்தபுரத்தில் கரமனை ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஒரு வாடகை வீட்டில் இருந்தவர்கள். அம்மா வீட்டின் முன்னறையில் தட்டச்சு வேலை செய்தாள். வஞ்சியூர் நீதிமன்றத்து மனுக்களைப் பதினோரு வருடம் தட்டச்சு இயந்திரத்தில் அடித்தவள், காலம் மாறியதும் ஒரு கம்ப்யூட்டரை வாங்கிப் போட்டுக்கொண்டாள். அந்தக் கோடையில் அவள் செய்துகொண்டிருந்தது ஒரு கல்லூரி ஆசிரியையின் தமிழ் ஆய்வேடு, தோவாளையில் பூக்கட்டும் குடும்பங்களைப் பற்றியது. நான்கு மாதமாக அடித்து நூற்று அறுபத்திரண்டு பக்கம் முடித்திருந்தாள். அதில் ஃபிளாப்பியில் எடுத்து வைத்திருந்தது முதல் நாற்பது பக்கம் மட்டும்தான், மீதி முழுக்கப் பெட்டிக்குள்ளே ஹார்ட் டிஸ்க்கில் இருந்தது. மாதக் கடைசியில் ஆசிரியை பல்கலைக்கழகத்தில் கொடுத்தாக வேண்டும்.

திங்கட்கிழமை சாயங்காலம் பொன்முடி மலைப் பக்கத்திலிருந்து மழை இறங்கியது. இடிக்கு முன்பே நான் மின்சார இணைப்பைப் பிடுங்கிவிட்டேன். தொலைபேசிக் கம்பி பெட்டிக்குள் போகிறது என்பதை மறந்துவிட்டேன். அந்த வழியாக இறங்கிய மின்னல் மோடத்தைப் பொசுக்கி, எல்லாப் பாகங்களும் வந்து சேர்கிற பெரிய பச்சைப் பலகையான மதர்போர்டையும் பொசுக்கிவிட்டது. தப்பு என்னுடையது. அதை நாட்குறிப்பில் சிவப்பு மையில் எழுதியிருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை அம்மாவும் நானும் ஷிபு சேட்டனின் கடைக்குப் போனோம். கிள்ளிப்பாலத்துக்குப் போகும் வழியில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் சின்னக் கடை அவருடையது. நல்ல மனிதர்தான், ஆனால் எந்த நோய்க்கும் அவரிடம் ஒரே மருந்து இருந்தது. வைரஸா, ஃபார்மாட். மெதுவாக ஓடுகிறதா, ஃபார்மாட். அதாவது ஹார்ட் டிஸ்க்கில் உள்ளதையெல்லாம் துடைத்துவிட்டு முதலிலிருந்து விண்டோஸை ஏற்றுவது. முந்தின வருடம் அப்படித்தான் அம்மாவின் அனுமதியைக் கூடக் கேட்காமல் அவள் அடித்து வைத்திருந்த ஒரு கோயில் விழா மலரைத் துடைத்துவிட்டு, “சாரமில்ல சேச்சி, இனி நல்ல ஸ்பீடு காணும்” என்று, பரவாயில்லை என்பதுபோலச் சிரித்தார். அம்மா ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை.

இம்முறையும் பெட்டியைப் பார்க்காமலேயே சொல்லிவிட்டார்.

“போர்டு மாறினா ஃபார்மாட் நிர்பந்தம் சேச்சி. பழைய விண்டோஸ் புதிய போர்டில் ஓடில்லா. பெட்டியக் கொண்டுவந்து வச்சிட்டுப் போங்க, மூணு திவசம் கழிஞ்சு எடுக்கலாம்.”

“உள்ள இருக்கறத முதல்ல எடுத்துத் தருவீங்களா சேட்டா?” என்று நான் கேட்டேன்.

“நோக்காம். கேரண்டி பறையான் பற்றில்லா.”

பார்க்கிறேன், உறுதி சொல்ல முடியாது என்கிறார். நான் அம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, போர்டை மட்டும் கொடுத்தால் போதும், வீட்டில் நானே மாட்டிக்கொள்கிறேன் என்றேன். கடையில் பழுதுக்குக் காத்திருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஷிபு சேட்டன் ஸ்க்ரூ டிரைவரைக் காதுக்குப் பின்னால் செருகிக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“மோளே, இது கோலம் இடுன்ன பணியல்லா.”

“கோலத்திலயும் ஒரு புள்ளி தெற்றியால் போச்சு சேட்டா” என்றேன். காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. ஆனால் போர்டை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள்.

எனக்கு எங்கிருந்து அந்தத் துணிச்சல் வந்தது என்று இதைப் படிப்பவர்கள் கேட்கலாம். துணிச்சல் பாதி, நோட்டுப் புத்தகம் பாதி. ஷிபு சேட்டன் எங்கள் வீட்டுக்கு இரண்டு முறை வந்து பெட்டியைத் திறந்தபோதும் நான் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, எந்த வயர் எங்கே போகிறது, பட்டைக் கேபிளின் சிவப்பு ஓரம் எந்தப் பக்கம் இருக்கிறது, எந்த ஓட்டையில் எந்தத் திருகு என்று வண்ணப் பென்சிலால் வரைந்து வைத்திருந்தேன். அவர் அதைப் படம் வரையும் விளையாட்டு என்று நினைத்தார்.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது அப்பா தீர்ப்பு சொன்னார். “நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும்தான் மக்கா உனக்கு. ஓடலன்னா வியாழக்கிழமை காலைல ஷிபு வந்து பெட்டியத் தூக்கிட்டுப் போவான். நான் சொல்லியாச்சு அவன்கிட்ட. பிறகு அழக்கூடாது, கேட்டியா?” பிறகு சோற்றைப் பிசைந்துகொண்டே, “நாளைக்குப் புதன்கிழமை. பன்னெண்டுல இருந்து ஒன்றரை ராகு காலம். அந்த நேரத்துல சுவிட்சப் போட்டுராத” என்றார்.

எங்கள் வீட்டில் புதிதாக எது வந்தாலும், அது பூட்டானாலும் பிரஷர் குக்கரானாலும், ஓர் இரவு சாமி அலமாரியில் இருந்துவிட்டு, சந்தனமும் குங்குமமும் வாங்கிக்கொண்டுதான் வேலைக்கு வரும். மதர்போர்டின் அட்டைப் பெட்டியும் அப்படியே இருந்தது. காலையில் எடுத்தபோது மூடிமேல் பொட்டு இருந்தது. அட்டைக்குத்தானே என்று விட்டுவிட்டேன்.

எட்டரைக்கு ஆரம்பித்த வேலையை நாட்குறிப்பில் நேரம் போட்டு எழுதியிருக்கிறேன். பழைய போர்டைக் கழற்ற நாற்பது நிமிடம். போர்டு பெட்டியின் தகரத்தில் நேரடியாகப் படக்கூடாது என்பதற்காக அடியில் வைக்கிற பித்தளைக் குமிழ்கள் பழைய பெட்டியில் ஏழு இருந்தன, புதிய போர்டில் ஓட்டைகள் ஆறுதான் இருந்தன. ஓட்டையில்லாத இடத்தில் நிற்கும் அந்த ஏழாவது குமிழ் போர்டின் முதுகில் குத்திப் பொசுக்கிவிடும் என்று போர்டோடு வந்த கையேட்டில் போட்டிருந்ததால் அதைக் குறட்டால் திருகி எடுத்தேன். பிராசஸரைப் பழையதிலிருந்து பெயர்த்துப் புதியதில் உட்கார வைத்து, வெள்ளைப் பசையை அரிசி அளவு தடவி, அதன்மேல் விசிறியைப் பூட்டினேன். மெமரிப் பட்டையை அழுத்தியதும் இரண்டு பக்கமும் கொக்கிகள் ‘டக்’ என்று விழுந்தன. சுவிட்சிலிருந்து வரும் பொடி வயர்களை ஒவ்வொன்றாகக் கையேட்டுப் படத்தோடு ஒப்பிட்டுச் செருகினேன். அம்மா கதவோரம் நின்று, தேங்காய்த் துருவியைக் கையில் வைத்துக்கொண்டு, துருவாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முடித்தபோது மணி பன்னிரண்டு இருபது.

“ஏட்டி, ஒன்றரை ஆகட்டும்” என்றாள் அம்மா.

“நூத்தி இருபத்திரண்டு பக்கம்மா. இதுக்கு ராகு காலம் தெரியுமா?” என்று சொல்லி சுவிட்சைப் போட்டேன்.

விசிறி சுற்றியது. திரை கறுப்பாகவே இருந்தது. பெட்டிக்குள்ளிருந்து ‘பீ...’ என்று நீளமாக ஒரு சத்தம், நின்று, மறுபடி ‘பீ...’. அணைத்தேன். போட்டேன். அதே சத்தம். அம்மா நாற்காலியில் உட்கார்ந்து, முழங்கைகளை விசைப்பலகைமேல் வைத்து முகத்தைப் பொத்திக்கொண்டாள். அந்தக் காட்சியை மட்டும் நான் நாட்குறிப்பில் எழுதவில்லை. எழுத மனம் வரவில்லை.

ஒரு மணிக்கு அப்பா சாப்பிட வந்தார். வாசலிலேயே சத்தம் கேட்டுவிட்டது.

“ராகு காலத்துல போட்டிய அல்லே? நான் படிச்சுப் படிச்சு சொன்னேன்லா?”

“ராகுவுக்கு மதர்போர்டு மாட்டத் தெரியாதுப்பா. இது வேற என்னமோ.”

“வாயப் பாரு. ஷிபுவ இன்னைக்கே வரச் சொல்லுதேன்.”

“சாயங்காலம் வரைக்கும்னு நீங்கதான சொன்னீங்க. சாயங்காலம் ஆறு மணிக்கு. இப்ப ஒண்ணேகால்.”

அப்பாவிடம் நான் அப்படிப் பேசியது அதுதான் முதல்முறை. அவர் கை கழுவப் போனார்.

கையேட்டின் கடைசிப் பக்கத்தில் சத்தங்களுக்கு ஒரு பட்டியல் இருந்தது. நீளமாகத் திரும்பத் திரும்ப வந்தால் மெமரி. கொக்கிகளை விலக்கிப் பட்டையை வெளியே எடுத்தேன். அதன் பொன்னிறப் பற்களில் பாதி மஞ்சளாக அப்பியிருந்தது. முகர்ந்து பார்த்தேன். சந்தனம். செருகுகிற நீண்ட பள்ளத்துக்குள்ளும் சந்தனம், அதன்மேல் சிவப்பாகக் குங்குமம். காலையில் மாட்டிய அவசரத்தில் நான் பள்ளத்துக்குள் பார்க்கவில்லை.

பட்டையை அப்பாவின் தட்டுக்கு முன்னால் கொண்டுபோய் நீட்டினேன்.

அவர் பார்த்தார். சாதம் வாயில் இருக்கும்போதே, “அட்டைக்கு வச்சா ஆச்சா மக்கா? ஓடப்போறது உள்ள இருக்கறதுல்லா? காலைல அட்டைக்குள்ளருந்து எடுத்து நடுவால ஒரு பொட்டு வச்சேன்” என்றார். பிறகு, கொஞ்சம் குரலைக் குறைத்து, “நீயும்தான் வெள்ளையா என்னமோ தடவுனியாமே, உங்கம்மா சொன்னா” என்றார்.

அம்மாதான் முதலில் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை, கோபத்தில் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அம்மா எழுந்து, பழைய தட்டச்சு இயந்திரத்தின் மேசை இழுப்பறையைத் திறந்து, எழுத்துகளில் அடைகிற மையைச் சுத்தம் செய்ய அவள் வைத்திருந்த பிரஷ்ஷையும் ஸ்பிரிட் குப்பியையும் எடுத்துவந்து தரையில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். “நீ பட்டையத் துடை. அந்தப் பள்ளம் எனக்கு” என்றாள். பதினோரு வருடம் ‘அ’வின் சுழியிலிருந்தும் ‘இ’யின் வயிற்றிலிருந்தும் மை எடுத்த கை. ஒவ்வொரு ஊசிக்காலாகத் தேய்த்தாள். நான் பென்சில் ரப்பரால் பற்களைத் துடைத்தேன். மின்விசிறிக்கடியில் அரை மணி நேரம் காயவிட்டோம்.

இரண்டரைக்குச் சுவிட்சைப் போட்டபோது ஒரே ஒரு குட்டிச் சத்தம், உடனே திரையில் எழுத்துகள். அப்பா அன்று பிற்பகல் கடைக்குப் போகவில்லை. போர்டின் அமைப்புப் பக்கத்துக்குள் போய், ஏதோ பழைய வருடத்தின் ஜனவரி ஒன்று என்று காட்டிய தேதியைத் திருத்தினேன். ஹார்ட் டிஸ்க்கைத் தேடச் சொன்னேன், அதன் பெயர் திரையில் வந்தது. பிழைத்திருந்தது. எதிலிருந்து தொடங்க வேண்டும் என்ற வரிசையை மாற்றிச் சேமித்து வெளியே வந்தேன். ஓடாது என்று ஷிபு சேட்டன் சொன்ன பழைய விண்டோஸ் திணறிக்கொண்டே மேலே வந்து, புதுப் பாகம் ஒன்றைக் கண்டேன், கண்டேன் என்று ஒவ்வொன்றாக அறிவித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு குறுந்தகடு கேட்டது. கொடுத்தேன். ஏழு முறை தன்னை அணைத்து ஏற்றிக்கொண்டது. ஐந்து ஐம்பதுக்கு அம்மா ஆய்வேட்டைத் திறந்து கடைசிப் பக்கத்துக்குப் போனாள். நூற்று அறுபத்திரண்டு. பாதியில் நின்ற வாக்கியம் பாதியிலேயே நின்றிருந்தது.

இப்போது நான் உபயோகிக்கும் மடிக்கணினியில் திருகு தெரிவதில்லை. மெமரியைப் போர்டோடு சேர்த்து ஒட்டிவிட்டார்கள், திறந்தால் உத்தரவாதம் செல்லாது என்று அடியில் அச்சடித்திருக்கிறார்கள். தவறு நேர்ந்தால் சத்தம் போட்டுச் சொல்லும் அந்தச் சின்ன ஒலிபெருக்கி போய்விட்டது. ஃபிளாப்பி போய்விட்டது. கையேடு வருவதில்லை. ஷிபு சேட்டனின் கடை இருந்த இடத்தில் கைபேசி உறை விற்கிறார்கள். போனவற்றுக்காக எனக்கு அழுகை வரவில்லை. ஆனால் நம் பொருளை நாம் திறக்கக்கூடாது என்று யாரோ முடிவு செய்ததை நான் ஒப்புக்கொள்ளவில்லை. எங்கள் வீட்டில் உத்தரவாதத்தோடு எதுவும் இல்லை, எல்லாவற்றையும் ஒரு முறையாவது திறந்திருக்கிறேன். அலுவலகத்தில் இளைஞர்கள், “மேடம், அதெல்லாம் நமக்கு வேண்டாம்” என்கிறார்கள். வேண்டும் என்கிறேன்.

வியாழக்கிழமையின் பக்கம் இப்படித் தொடங்குகிறது. ஏப்ரல் 19. காலை ஆறு ஐம்பதுக்கு, வேறு எதையும் செய்வதற்கு முன், ஷிபு சேட்டனின் கடைக்கு நடந்து போனேன். அவர் ஷட்டரைப் பாதி தூக்கியிருந்தார். பெட்டியை எடுக்க வர வேண்டாம், ஓடுகிறது என்றேன். ஷட்டரைப் பிடித்தபடியே நின்று கேட்டார்.

“ஃபார்மாட் செய்தோ?”

“செய்தில்லா” என்றேன்.