பூட்டிய மில்லின் மதில்

தாராபுரம் பஸ் என்னைச் சிங்காநல்லூரில் இறக்கிவிட்டுப் போகிறது. மச்சினன் சொன்ன ஸ்பின்னிங் மில்லை விசாரித்து நடக்கிறேன். ஆள் வராத நாளில் பதிலி வேலையாவது கிடைக்கும் என்று அவன் சொல்லியிருந்தான். வந்து பார்த்தால் வாசலில் பெரிய பூட்டு. எட்டாம் வகுப்போடு நின்றுபோன எனக்கு இனி யார் வேலை தருவார்கள்?

மதிலில் ஒருவர் எழுதிக்கொண்டிருக்கிறார். வாசலுக்கு இடப்பக்கம், ஒரு கட்சிக்காக அவர் எழுதிய ‘மில்லை மூடியது டில்லி’ காய்ந்துவிட்டது. வலப்பக்கம், இன்னொரு கட்சிக்காக ‘மில்லை மூடியது சென்னை’ என்று எழுதுகிறார்.

“ஏனுங்க, மில்லு எப்பத் தொறப்பாங்க?”

“செயிச்சாத் தொறக்கறோம்னு ரெண்டு கட்சியுஞ் சொல்றாங்க. நானும் இந்த மில்லுல மெஷின் ஓட்டுனவன்தானுங்க.”

“உங்களுக்கு யார் மேலீங்க கோவம்?”

“காத்தால டில்லி மேல. மத்தியானத்துக்கு மேல சென்னை மேலீங்க.” சிரிக்கிறார். பிரஷ்ஷை டப்பாவில் வைக்கும்போது சிரிப்பு நின்றுவிடுகிறது. “மொதலாளி பேரை எழுதச் சொல்லி மட்டும் ஒருத்தரும் வரலீங்க.”

தேர்தல் முடிந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்கிறேன்.

“இதையெல்லாம் அழிச்சுப்போட்டு வெள்ளையடிக்கோணும். அதுக்கு ரெண்டு மூணு ஆள் சேத்துக்குவேனுங்க.”

அவசரமாக என் பெயரையும் ஊரையும் ஒரு சீட்டில் எழுதி நீட்டுகிறேன். அவர் வாங்கி, மடித்து, சட்டைப்பைக்குள் திணிக்கிறார். அது உள்ளே இறங்க மாட்டேன் என்கிறது. பை நிறைய அதேபோல் மடித்த சீட்டுகள்.