ஏறாத மலைக்கு ஓர் இரவல் ஓவர்கோட்

சிவனொளிபாத மலைக்குப் போகிறேன் என்று சென்ற வாரம் இதே இடத்தில் எழுதியிருந்தேன் அல்லவா? போகவில்லை. மூட்டை முடிச்செல்லாம் கட்டியாயிற்று; ஆள் மட்டும் சண்டிலிப்பாயில், என் சொந்தச் சாய்மனைக் கதிரையில் நன்றாக மூச்சு விட்டுக்கொண்டு இருக்கிறேன்!

நேர்த்திக்கடன் என்று எழுதினேன். அது பாதி உண்மை. மீதிப் பாதியைச் சொல்ல என் மகள் பூமணி இப்போதுதான் அனுமதி தந்தாள்.

பூமணிக்கு ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை பெயர் தம்பிராசா. மஸ்கெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கிளாக்கர். சாதகம் பொருந்தியது, குடும்பமும் தெரிந்த குடும்பம். ஆனால் பையன் படிப்பு முடிந்த நாள் முதல் மலைநாட்டில். அவன் குணத்தை இங்கே யாரிடம் போய் விசாரிப்பது?

“ஐயா, வடிவு, உத்தியோகம் ஒண்டும் எனக்குப் பெரிசில்லை. தோட்டத்திலை சனத்தை வெருட்டிப் பழகின ஆக்கள் வீட்டிலையும் அப்பிடித்தான் எண்டு கதைக்கினம். கோபக்காரரோ எண்டு மட்டும் பாத்துக்கொண்டு வாங்கோ” என்றாள் மகள். அதன் பிறகு எனக்கு நித்திரை ஏது?

பார்ப்பது என்றால் லேசான காரியமா? நேரே போய் நின்றால் விருந்து வைப்பார்கள். சம்பந்தம் முடிவாகுமுன் அங்கே கை நனைத்தால் சம்மதம் சொன்ன மாதிரி. நனைக்காமல் எழுந்து வந்தாலோ... முகத்தில் அடித்த மாதிரி!

வழி சொன்னவர் செல்லையா. என் மனைவியின் தம்பி. புத்தூரில் புகையிலைத் தோட்டம் செய்கிறவர். வாய் கொஞ்சம் நீளம்.

“அத்தான், சிவனொளிபாதத்துக்கு நேர்த்தி எண்டு விரதகாரராய்ப் போவம். விரதகாரர் பிறத்தியார் வீட்டிலை சாப்பிடேல்லை எண்டால் ஆர் குறை சொல்லப் போகினம்? போற வழியிலை பெடியனையும் பாத்திடலாம்.”

அபாரமான யோசனை! ஒரேயொரு சங்கடம் — நேர்த்தி என்று வாய்விட்டுச் சொன்னபின் ஏறித்தானே ஆக வேண்டும்? சுவாமியோடு விளையாட முடியுமா? எனக்கோ முட்டு வருத்தம். கோயில் வீதியைக் கொஞ்சம் எட்டி நடந்து சுற்றினாலே நெஞ்சு விசில் அடிக்கும். ஏறிப் பழகலாம் என்றால் எங்கள் பக்கத்தில் மலை என்று பேருக்கு இருப்பது கீரிமலைதான். அங்கே ஏறுவதற்கு ஒன்றுமில்லை. குளிக்கக் கேணியில் இறங்கத்தான் வேண்டும்.

“அதுக்கென்ன, துலா இருக்கு!” என்றார் செல்லையா.

அவர் தோட்டத்துக் கிணற்றில் நீர் இறைக்கும்போது, உயரத்தில் கிடக்கும் துலா என்ற ஏற்ற மரத்தின்மேல் ஆட்கள் முன்னும் பின்னும் நடந்து மிதிப்பார்கள். “உதிலை நடந்து பழகினால் மலை என்ன மலை!” என்று என்னையும் ஏற்றிவிட்டார். ஒருமுறை போனேன். திரும்பினேன். அவ்வளவுதான்... மூச்சைக் காணவில்லை! என்னை இறக்கி எடுக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. அடுத்த தோட்டத்துக்காரர்கள் இறைப்பை நிறுத்திவிட்டு வந்து பார்த்தார்கள்.

பிறகு குளிர் வந்தது பேச்சில். ஓவர்கோட் வேண்டுமாம். யாழ்ப்பாணத்து வெயிலில் ஓவர்கோட் யாரிடம் இருக்கும்? அட்டன் பாதையில் வேலை செய்யும் ரயில் கார்ட் ஒருவர் லீவில் வந்திருந்தார். அவரிடம் இரவல் வாங்கினேன். துலாவில் பட்ட பாட்டையும் சொல்லி, விஷயம் இரகசியம் என்றும் சொல்லிவைத்தேன். ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் இறங்கிக் கதைக்கிற மனிதரிடம் இரகசியம்! என் புத்தியை என்ன சொல்வது?

புறப்படும் நாள் காலை. செல்லையா முற்றத்தில் கம்பளி, அரிசி, சட்டி எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிக்கொண்டிருந்தார். படலையைத் திறந்துகொண்டு ஓர் இளைஞன் வந்தான். தன் புகையிலை வாங்க வந்த ஆள் என்று நினைத்துச் செல்லையா நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

“சுருட்டுக் கொட்டில் ஆளே? புகையிலைக் கதை பிறகு கதைப்பம். உந்தக் கயித்தைக் கொஞ்சம் இழுத்துப் பிடியும்.”

பிடித்தான்.

“உப்பிடியே பிடிக்கிறது? சாப்பிடேல்லையே ஐசே?”

கட்டுவதும் அவிழ்ப்பதுமாக மனிதர் அவனை வாட்டி எடுத்தார். முடிச்சு இளகினதெல்லாம் அவன் குற்றம்! கடைசியில் அவனே, “விடுங்கோ அண்ணை, நான் கட்டிறன்” என்று குந்தியிருந்து இறுக்கிக் கட்டிக் கொடுத்தான். முகத்தில் ஒரு சுளிப்பில்லை. கையைத் தட்டிக்கொண்டு என் பக்கம் திரும்பினான்.

“ஐயா, நான்தான் தம்பிராசா. நேர்த்தி எண்டு பேப்பரிலை வாசிச்சன். துலாவிலை நீங்கள் பட்ட பாட்டை அட்டன் ஸ்டேஷனிலை கார்ட் அண்ணை சொன்னார். முட்டு வருத்தத்தோடை அந்தக் குளிரிலை ஏறப்படாது ஐயா. என்னைப் பாக்கத்தான் வாறியள் எண்டு நினைச்சன்... அதுதான் நானே லீவு எடுத்துக்கொண்டு வந்திட்டன்.”

செல்லையா மூட்டையின்மேலேயே இருந்துவிட்டார். உள்ளே யாரோ சிரித்தார்கள். பூமணி! அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாயிற்று!

என் மனைவி பதறிக்கொண்டு வந்தாள். “இருங்கோ தம்பி, ஒரு வாய் சாப்பிட்டிட்டுப் போகலாம்.”

“இல்லை அம்மா, நான் விரதம். பிறத்தியார் வீட்டிலை சாப்பிடுறேல்லை” என்றான். சிரிக்காமல் சொன்னான், கள்ளன்!

எங்கள் தந்திரத்தை எங்களிடமே காட்டுகிறானா என்று ஒரு கணம் நினைத்தேன். பிறகுதான் விளங்கியது. வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் இருந்தால், இரு பக்கமும் மரியாதை கெடாமல் சொல்வதற்கு வழி விட்டு நிற்கிறான். அப்பாடா! அந்த நிமிஷமே என் நெஞ்சுப் பாரம் இறங்கிவிட்டது. ஆனாலும் முடிவு சொல்ல வேண்டியவள் நானல்லவே.

“என்ன பிள்ளை?” என்று உள்ளே பார்த்துக் கேட்டேன்.

“விரதகாரரைப் பசியோடை அனுப்புறதே, ஐயா?” என்று பதில் வந்தது.

“தம்பி, விரதத்தை இங்கையே முடிச்சுக்கொள்ளும்” என்றேன்.

“சரி, மாமா” என்று கை கழுவ எழுந்தான்.

ஓவர்கோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். நேர்த்தியை மறக்கவில்லை, கல்யாணம் முடிந்ததும் எனக்காக அவர்கள் இருவரும் ஏறுவார்களாம். நான் அடிவாரத்தில் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பேன்.

பெண் பிள்ளைகளைப் பெற்ற வாசகர்களே, பையனின் குணம் அறிய மலைக்கெல்லாம் போக வேண்டாம் — செல்லையாவோடு ஒரு மூட்டை கட்ட விடுங்கள். ஆளை நான் இரவல் தருகிறேன்!