குற்றாலத்தில் மாறி வைத்த பூ

எழுத்துக் கூட்டி எழுதுகிறவள் நான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டுப்போயிற்று. பிழை இருக்கும், முன்னால் நடந்தது பின்னால் வரும், சில பேருடைய பெயர் நினைவுக்கு வராமலே போகும். பக்கத்தில் உட்கார்ந்து நான் பேசக் கேட்பதுபோல நினைத்துக்கொண்டு படியுங்கள். அப்படிப் படித்தால் பிழை அவ்வளவாகக் கண்ணில் படாது.

போன மாதம் மாடியில் குடியிருக்கும் டீச்சர், தன் கல்லூரி விழாவுக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். "ஆச்சி, எங்க பிள்ளைங்க நாடகம் போடுதாங்க. இங்கிலீஷ் நாடகம், ஆனா தமிழ்ல பேசுவாங்க. சும்மா வாங்க." எனக்குக் கூட்டம் என்றாலே கை வேர்க்கும். கடைசி வரிசையில் தூணோரமாக ஒரு நாற்காலி பிடித்து ஒடுங்கிக்கொண்டேன்.

நாடகத்தில் இரண்டு ஜோடி. ஒரு ஜோடி, கண்டால் கடித்துக் குதறிக்கொள்கிறது. இன்னொரு ஜோடி வாயே திறக்காமல் உருகுகிறது. நடுவில் ஒருத்தியின் உடுப்பை இன்னொருத்தி போட்டுக்கொண்டு எல்லோரையும் ஏமாற்றுகிறாள். யாருக்கு யார் என்று எல்லாம் குழம்பிக் கடைசியில் இரண்டு கல்யாணம். பிள்ளைகள் விசிலடித்துச் சிரித்தார்கள். நான் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன். டீச்சர் பயந்துபோய், "என்ன ஆச்சி, ஏசி ஒத்துக்கிடலையா?" என்றாள். "ஆமாம்மா, குளிருது" என்று சொல்லிவிட்டேன். எங்கள் வீட்டுக் கதையை மேடையில் போட்டுவிட்டார்களே என்று அத்தனை பேர் நடுவில் எப்படிச் சொல்வது?

அதை எழுதியவர் நானூறு வருஷத்துக்கு முந்தின வெள்ளைக்காரராம். என்னால் நம்ப முடியவில்லை. குற்றாலத்தில் ஒரு சீசன் முழுக்கத் தங்கி, கல் மண்டபத்தில் ஈரத்துண்டோடு உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துவிட்டுப் போனவர்போல அல்லவா எழுதியிருக்கிறார்!

நாடகம் என்றால் எங்கள் காலத்தில் குற்றாலத்திலும் தினம் ஒன்று நடக்கும். ஆனி, ஆடியில் சாரல் விழ ஆரம்பித்ததும் பெண் வைத்திருப்பவர்களும் பிள்ளை வைத்திருப்பவர்களும் குளிக்கப் புறப்படுவார்கள். முன்கூட்டியே ஆள் மூலம் பேசி வைத்திருப்பார்கள். ஆனாலும் அருவிக்கரையில் பார்த்ததும், "அடடே, நீங்களும் சாரலுக்கு வந்திருக்கியளா?" என்று ஆச்சரியப்பட வேண்டும். பெண்ணுக்கு ஒன்றும் தெரியாது என்று எல்லோரும் நினைத்துக்கொள்வார்கள். பெண்ணும் தெரியாததுபோலவே தலைக்கு எண்ணெய் தேய்ப்பாள். பவுடர் பூச்சு இல்லாத முகம், சவுரி வைக்காத முடி எல்லாம் அருவியில் தெரிந்துவிடும் என்பது மாப்பிள்ளைகளுடைய அம்மாக்களின் கணக்கு. பிடித்திருந்தால் குளித்து உடுத்தி வந்ததும் அங்கேயே பெண்ணின் தலையில் பூ வைத்துவிடுவார்கள். வைத்த பூவை எடுக்கக் கூடாது. எடுத்தால் தாலியை அறுத்ததுக்குச் சமம் என்பார்கள்.

நல்லெண்ணெயும் சீயக்காயும் ஈரப் பாறையும் சேர்ந்த அந்த வாடை இருக்கிறதே, இதை எழுதும்போதே மூக்கில் ஏறுகிறது. எங்கேயோ போய்விட்டேன். கோமதியைப் பற்றியல்லவா சொல்ல வந்தேன்.

கோமதி என் பெரியப்பா மகள். அப்பாவும் அம்மாவும் இல்லாத என்னைத் தென்காசியில் பெரியப்பா வீட்டில்தான் வளர்த்தார்கள். கோமதி எனக்கு இரண்டு வயது மூத்தவள். வாய் என்றால் அப்படி ஒரு வாய். கடைத்தெருவில் அவள் கேட்டால் வெண்டைக்காய்க்காரர் தானாகவே முற்றலை எல்லாம் பொறுக்கிக் கீழே போடுவார். எனக்கோ, யாராவது பெயரைக் கேட்டால்கூட கோமதிதான் பதில் சொல்ல வேண்டும்.

ஐம்பதுகளின் கடைசி என்று நினைக்கிறேன். ஆலங்குளத்திலிருந்து அண்ணன் தம்பி இரண்டு பேருக்கு எங்கள் இரண்டு பேரையும் கேட்டு வந்தார்கள். மூத்தவருக்குக் கோமதி, இளையவருக்கு நான். வயதுப்படி அதுதானே முறை. எங்கள் வீடுகளில் ஜாதகம் எழுதி வைக்கிற பழக்கம் கிடையாது. பேச்செல்லாம் முடிந்து, குற்றாலத்தில் பெண் பார்ப்பது மட்டும்தான் பாக்கி. மாப்பிள்ளைகளின் அம்மாவுக்கு அடையாளம் தெரிய வேண்டுமே என்று பெரியம்மா தூதுக்கு வந்த அம்மாளிடம் சொல்லி அனுப்பியிருக்கிறாள்: குளித்து உடுத்தி வரும்போது மூத்தவள் அரக்குச் சேலை, சின்னவள் பச்சைச் சேலை. எனக்கு இது தெரியாது. கோமதிக்குத் தெரியும். கதவுக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டிருக்கிறாள்.

அன்றைக்கு மாப்பிள்ளைகளின் அம்மா முதல் பஸ்ஸிலேயே குற்றாலம் போய்விட்டார்கள். நாங்கள் ஏறிய அடுத்த பஸ்ஸில் பார்த்தால், 'தற்செயலாக' அண்ணனும் தம்பியும். அப்போதெல்லாம் பஸ் ஜன்னலுக்குக் கண்ணாடி கிடையாது, சுருட்டிக் கட்டிய தார்ப்பாய்தான். ஜன்னலோரத்தில் இருந்த என்மேல் சாரல் அடித்துக்கொண்டே வந்தது. சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு நனைந்துகொண்டிருந்தேன். பின்னாலிருந்து அண்ணன்காரர் எழுந்து வந்து தார்ப்பாயை அவிழ்த்துவிட்டார். கட்டுகிற கயிறு அறுந்திருந்தது. கையாலேயே இழுத்துப் பிடித்துக்கொண்டு குற்றாலம் வருகிற வரைக்கும் நின்றார். சட்டைக்கை நனைந்து சொட்டியது. ஒரு வார்த்தை பேசவில்லை. என் பக்கம் திரும்பவும் இல்லை.

தம்பிக்காரரால் சும்மா இருக்க முடியவில்லை. "ஏ அண்ணே, ஆணி அடிச்சாப்ல நிக்கியே, டிக்கெட் உனக்கு எடுத்தமா தார்ப்பாய்க்கு எடுத்தமா?"

கோமதி திரும்பாமலே சொன்னாள். "வேலை செய்யுத ஆளுக்கு டிக்கெட் போதும். சும்மா வார மூட்டைக்குத்தான் லக்கேஜ் போடணும்."

"மூட்டை பேசுமா?"

"இந்த மூட்டை வாய் அவுந்துல்லா கெடக்கு."

பஸ்ஸே சிரித்தது. பெரியம்மா அவள் தொடையில் கிள்ளி, "ஏட்டி கோமதி, வாய மூடு" என்று பல்லைக் கடித்தாள். யாரென்றே தெரியாததுபோல இருக்க வேண்டிய இடத்தில் இவள் சண்டை போட்டால்! எனக்கு இதெல்லாம் காதில் விழுந்ததே தவிர, கண் அந்த ஈரச் சட்டைக்கையிலேயே இருந்தது. அது இன்னொருத்திக்கு, அதுவும் கோமதிக்கு, என்று பேசி வைத்த கை. எனக்கென்று வைத்திருக்கும் ஆள் ஒரு கேள்வி கேட்டாலே நான் அழுதுவிடுவேன். இதையெல்லாம் யாரிடம் சொல்ல? வளர்க்கிற வீட்டில் போய், எனக்கு இவர் வேண்டாம், அவர் வேண்டும் என்று சொல்ல முடியுமா? தலையைக் குனிந்துகொண்டேன். கோமதி என்னைப் பார்த்தது தெரியும். என்ன கண்டாளோ தெரியாது.

பெரியம்மா அருவிக்குள் தலையைக் கொடுத்துவிட்டால் வெளியே இழுத்து வருவது பெரிய பாடு. அவளை விட்டுவிட்டு நாங்கள் இருவரும் உடுத்தப் போனோம். ஒருத்தி துணியைப் பிடிக்க, அதன் மறைவில் இன்னொருத்தி உடுத்த வேண்டும். கோமதி அரக்குச் சேலையை என்மேல் வீசினாள்.

"இது உன் சேலைல்லா?"

"இந்தக் கலர் எனக்குக் கறுப்படிக்கி. உடுத்துட்டி மூதி, எவ்வளவு நேரம் துணியப் புடிச்சிட்டு நிக்க?"

உடுத்தினேன். அவள் பச்சையை உடுத்தினாள். கல் மண்டபத்துக்கு வந்தோம். அங்கே தொன்னையில் பிச்சிப்பூவோடு உட்கார்ந்திருந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள். முகவாயைத் தொட்டு, "மகாலட்சுமியாட்டம் இருக்கா. என் மூத்தவனுக்கு ஏத்தவ" என்று சொல்லிப் பூவை என் ஈரத்தலையில் வைத்துவிட்டார்கள். நான் கோமதியைத் திரும்பிப் பார்த்தேன். பக்கத்தில் நின்ற அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் எது கோமதி என்று பஸ்ஸிலேயே தெரியும். தம்பிக்காரர் வாயைத் திறந்தார், கோமதியைப் பார்த்தார், மூடிக்கொண்டார். அண்ணன்காரர் ஒரே ஒரு தடவை என்னைப் பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தார். இரண்டு பேரும் 'இவள் இல்லை' என்று சொல்லவில்லை.

அப்போதுதான் பெரியம்மா ஈரம் சொட்டச் சொட்ட வந்தாள். "ஐயையோ! இது சின்னவல்லா! எம்மவ இங்கனல்லா நிக்கா!"

கோமதிக்குப் பூ எடுக்கப் போன அந்த அம்மாவின் கை அப்படியே நின்றது. "பச்சைதானே சின்னவன்னு சொன்னாக..."

"எம்மவளுக்கு வச்ச எடத்துல இவள நிறுத்திட்டியளே" என்று பெரியம்மா என் தலைக்கு நேராகக் கையைக் கொண்டுவந்தாள். பூவை எடுக்கத்தான். எடுத்துவிட்டால் பிறகு எனக்கு யாரும் பூ வைக்க மாட்டார்கள். எடுக்காவிட்டால் சோறு போட்ட வீட்டுக்குத் துரோகம்.

கோமதி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். "யம்மா, அதத் தொட்டேன்னா நான் வீட்டுக்கு வரமாட்டேன். இங்கனயே அருவிக்குக் கீழ உக்காந்துக்கிடுவேன். சேலைய மாத்தினது நாந்தான். அவளுக்கு ஒண்ணும் தெரியாது."

அப்போது தம்பிக்காரர் தொண்டையைச் செருமினார். "யம்மா, தொன்னையில இன்னும் பூ கெடக்குல்லா? வாடிப் போகுததுக்குள்ள அந்த வாயாடி தலையில வச்சிருங்களேன்."

"என் தலையில வைக்கணும்னா மொதல்ல என்னியக் கேக்கணும்."

"சரி, கேக்கேன். வச்சிக்கிடுதியா?"

"முடி ஈரமா இருக்கு. காயட்டும், சொல்லுதேன்."

மாமியார் அம்மாள்தான் முதலில் சிரித்தது. அப்புறம் எல்லோரும். முடி காய்ந்ததோ இல்லையோ, கொஞ்ச நேரத்தில் கோமதி தலையைக் குனிந்தாள். அவள் தலை குனிந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

இதில் ஒரு விஷயம் உங்களுக்குப் புரிய வேண்டும். அண்ணனைக் கட்டியதால் நான் மூத்த மருமகள் ஆகிவிட்டேன். தம்பியைக் கட்டிய கோமதி இளையவள். பிறந்ததிலிருந்து எனக்கு அக்காவாக இருந்தவள் அந்த வீட்டில் எனக்குப் பின்னால் நிற்க வேண்டும். முதல் பொங்கலுக்கு அரிசி போட மாமியார் "மூத்தவ வா" என்று கூப்பிட்டார்கள். பழக்கத்தில் நான் கோமதிக்கு வழி விட்டேன். அவள் என் முதுகில் கையை வைத்துத் தள்ளினாள். "போட்டி அக்கா, ஒன்னியத்தான் கூப்பிடுதாக." அதிலிருந்து அவள் என்னைக் கூப்பிடுவதே "ஏட்டி அக்கா" என்றுதான். கேட்கிறவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும். பெரியம்மா மட்டும் ரொம்ப நாள் என் கையால் காப்பி வாங்கிக் குடிக்கவில்லை. அதற்கும் கோமதிதான் சண்டை போட்டுத் தீர்த்து வைத்தாள்.

ஒரே வீட்டில் இரண்டு குடித்தனம். எங்கள் அறையில் ஆள் இருக்கிறார்களா என்று தெரியாது. என் வீட்டுக்காரர் கடைக்குப் போகும்போது "வாரேன்" என்பார், வந்ததும் "வந்துட்டேன்" என்பார். நடுவில் சொல்ல வேண்டியதை எல்லாம் மழை வந்தால் என் பக்கத்து ஜன்னலைச் சாத்துவதில் சொல்லிவிடுவார். அந்தப் பக்கம் விடிந்தால் போர். தோசை முறுகல் என்று ஒரு சண்டை, முறுகவில்லை என்று ஒரு சண்டை. கோமதியின் வீட்டுக்காரர் லாரி வைத்து மலையாளத்துப் பக்கம் மரம் ஏற்றப் போவார். ஒரு மழைக்காலத்தில் லாரி எல்லையில் புளியறையிலேயே நின்றுபோய் ஆள் வர நாளாயிற்று. கோமதி பேசவே இல்லை. வீடு அப்படியே அடங்கிக் கிடந்தது. நான்தான், அதிசயமாக, அவளோடு பேசிக்கொண்டே இருந்தேன். அவர் வந்து செருப்பைக் கழற்றியதும், "எங்கவே போய்த் தொலைஞ்சீரு?" என்று ஆரம்பித்தாள் பாருங்கள். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. எந்த ஜோடிக்கு அன்பு அதிகம் என்று அந்த நாடகக்காரரால்கூடச் சொல்லியிருக்க முடியாது.

இப்போது அண்ணன் தம்பி இரண்டு பேரும் இல்லை. அருவிக்கரையில் கம்பி போட்டிருக்கிறார்கள், உடை மாற்ற அறை கட்டியிருக்கிறார்கள். துணி பிடித்து மறைக்க ஆள் வேண்டாம். பெண்ணும் பையனும் நாலு மாதம் போனில் பேசிவிட்டுத்தான் வீட்டிலேயே சொல்கிறார்கள். நல்லதுதான். தார்ப்பாயைப் பிடித்த கையை மனசுக்குள் வைத்துக்கொண்டு திண்டாட வேண்டாம். ஆனால் தெரிந்தும் தெரியாததுபோல நடிக்கிற அந்தக் கூட்டமும், "நீங்களும் சாரலுக்கா?" என்ற குரலும் போயே போய்விட்டன.

நான் எழுதியதில் தப்பு இருக்கலாம். அது பேரருவியா ஐந்தருவியா என்றுகூட எனக்கு இப்போது சந்தேகமாக இருக்கிறது. கோமதி ஆலங்குளத்தில் மகன் வீட்டில் இருக்கிறாள். காது கொஞ்சம் மந்தம், வாய் அப்படியேதான். அந்தப் பக்கம் போகிறவர்கள் யாராவது அவளிடம் கேட்டுச் சரிபார்க்க வேண்டும். அப்படியே இன்னொன்றும் கேட்க வேண்டும். சேலையை மாற்றியது தனக்காகவா, எனக்காகவா? இத்தனை வருஷமும் கேட்க எனக்கு வாய் வரவில்லை. "அந்த ஊமையன் எனக்கு வேண்டாம்னு மாத்தினேன், அவளுக்காக எவ மாத்துவா?" என்றுதான் சொல்வாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தை மட்டும் நன்றாகப் பார்த்துவிட்டு வந்து எனக்குச் சொல்லுங்கள்.