யார் முதலில் கொடுப்பது

எங்கள் மேனேஜரின் மேஜைமேல் அறுந்த சாரக்கயிறு ஒரு முழம், எண் எழுதிய அட்டையோடு பல மாதங்கள் கிடந்தது. ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப் ஒன்றுக்குப் புதுக் கட்டடம் எழும்பியபோது அறுந்த கயிறு அது. சாரத்தோடு விழுந்த கொத்தனாருக்குத் தொடையெலும்பு நொறுங்கிவிட்டது. அறுபதுகளின் தொடக்கம். வேலூரில் ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனியின் கிளையில் நான் டைப்பிஸ்ட். குடியாத்தத்தில் தறிச் சத்தத்தில் வளர்ந்தவள் என்பதால் டைப்ரைட்டர் சத்தம் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

கட்டடத்தை எடுத்த பெரிய கான்ட்ராக்டர் எங்களிடம் இன்ஷூர் செய்திருந்தார். அவரிடமிருந்து கொத்துவேலையை வாங்கிச் செய்த சின்ன கான்ட்ராக்டர் வேறொரு கம்பெனியில். கொத்தனாருக்கு இரண்டு பாலிசியும் பொருந்தும். ஆனால் இரண்டிலும் ஒரே ஷரத்து: வேறு இன்ஷூரன்ஸ் இருந்தால் முதலில் அது கொடுக்கட்டும், போதாததற்குத்தான் நாங்கள். 'நீங்களே முதலில்' என்று இரு கம்பெனிகளும் மாறி மாறிக் கடிதம் எழுதின. எங்கள் பக்கத்துக் கடிதங்களை அடித்தவள் நான். ஒன்றில்கூடக் கொத்தனாரின் பெயர் வராது. 'காயமுற்ற நபர்' என்றுதான் வரும்.

அவர் மனைவி திங்கள்தோறும் வருவார். இரண்டாவது ஆபரேஷன் தள்ளிப்போனால் கால் கோணலாகவே கூடிவிடும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். ஒரு திங்கள் மேனேஜரிடம் கேட்டார்: "ரெண்டு கம்பெனியும் தர்றேன்னுதானே சார் சொல்றீங்க. அப்புறம் இன்னாத்துக்கு சார் லேட்டு?"

மேனேஜர் கோப்பை எடுத்துவரச் சொன்னார். அன்று பிற்பகல் முழுவதும் அந்தக் கோப்பைத் தாள் தாளாகப் படித்தார். கான்ட்ராக்டர்கள் இருவரும் முத்திரைத்தாளில் தமிழில் எழுதிக்கொண்ட ஒப்பந்தம் அதற்குள் இருந்தது. மெட்ராஸ் தலைமை அலுவலகத்தில் அதை யாரும் படித்ததாகத் தெரியவில்லை. சாரத்தால் எது நேர்ந்தாலும் பொறுப்பு பெரிய கான்ட்ராக்டருடையது என்று அதில் ஒரு வரி. அப்படியானால் முதலில் கொடுக்க வேண்டியது நாங்கள். சின்ன கான்ட்ராக்டரின் பிரதி மழையில் ஊறிக் கூழாகியிருந்ததால் எதிர்க் கம்பெனிக்கு இது தெரியாது.

மெட்ராஸுக்கு டிரங்க்கால் போட்டுச் சொன்னார். யாரும் கேட்காத காகிதத்தை நாமாகக் காட்ட வேண்டியதில்லை என்றார்கள். ரிசீவரை வைத்தார். பிறகு என்னை அழைத்து, அந்த ஒப்பந்தத்தை ஆங்கிலத்தில் அடித்துத் தரச் சொன்னார். எதிர்க் கம்பெனிக்குத் தானே கொண்டுபோகப் போவதாகவும் சொன்னார்.

"மெட்ராஸ்ல வேணாம்னாங்களே சார்?"

"யாரும் கேக்கலன்னாங்க. அந்தம்மா கேட்டாங்களேம்மா."

எதிர்க் கம்பெனியின் மேனேஜர் கெட்டிக்காரர், கறார்ப் பேர்வழி. தாளை இரண்டு முறை படித்தாராம். உங்கள் தலைமை அலுவலகம் இறங்கிவர நாளாகும், ஆபரேஷனுக்கு நாங்கள் கொடுத்துவிடுகிறோம், பிறகு உங்களிடம் வாங்கிக்கொள்கிறோம் என்றாராம். அந்த வாரமே ஆபரேஷன் நடந்தது. எங்கள் கம்பெனி முனகிக்கொண்டே திருப்பிக் கொடுத்தது.

மேனேஜருக்கு ஒரு கண்டனக் கடிதமும் தெற்கே ஒரு சின்னக் கிளைக்கு மாற்றலும் வந்தன. அதற்குமேல் அவர் உயரவே இல்லை. பின்னாளில் நானும் அதிகாரியாகி, யார் முதலில் என்ற வழக்குகள் எத்தனையோ பார்த்துவிட்டேன். தன் கம்பெனிக்கு எதிரான காகிதத்தைத் தானே எடுத்துக்கொண்டு போன இன்னொருவரை நான் பார்க்கவில்லை. எனக்கே அந்தத் துணிவு இருந்ததா என்றால், உறுதியாகச் சொல்ல முடியாது.

மேனேஜர் மாற்றலாகிப் போய்ச் சில மாதங்கள் கழித்து, கொத்தனார் ஒரு கைத்தடியோடு மாடியிலிருந்த எங்கள் அலுவலகத்துக்கு ஏறி வந்தார். மேனேஜர் இல்லையென்றதும் முகம் வாடிவிட்டது. அவருக்குக் கடிதம் எழுதித் தரட்டுமா என்று கேட்டு, ஒரு கார்டை எடுத்தேன். கொத்தனார் கொஞ்சம் யோசித்தார்.

"மாடிப்படி ஏறி வந்தேன்னு எழுதும்மா. அது போதும்."