நாலு துடிப்புக்கு ஒரு மூச்சு

“மூச்சை இழுங்க… பிடிங்க… அப்படியே, அசையக் கூடாது!” என்று கட்டிலில் இடப்பக்கமாகப் படுத்திருப்பவரிடம் சொல்லிவிட்டு, தானும் மூச்சைப் பிடித்துக்கொள்கிறார் அக்கா. கன்னம் இரண்டும் பூசணிக்காயாக உப்புகின்றன. ஆஸ்பத்திரி முழுக்க அவருக்குப் பெயர் பலூனக்கா.

இதயத்தை முப்பரிமாணத்தில் படம்பிடிக்கும் எக்கோ அறை அவருடைய ராஜ்யம். நாலு துடிப்பில் எடுத்த துண்டுகளை ஒட்டித்தான் ஒரு முழுப் படம். நடுவில் மூச்சு விட்டால் படம் கோணல் தையல் போட்ட சட்டை மாதிரி இழுத்துக்கொள்ளும். “அதுக்கு நீ எதுக்கும்மா மூச்சைப் பிடிக்கிறே?” என்று கணவர் கேட்டால், “பாவம், அவங்க மட்டும் கஷ்டப்படணுமா?” என்பார். வீட்டில் போட்டோ எடுத்தாலும் இதே உத்தரவுதான். குடும்ப ஆல்பத்தில் ஒருவர் பாக்கியில்லாமல் முழி பிதுங்க நிற்கிறார்கள்.

போன வாரம் ஒரு லாரி ஓட்டுநர் வந்தார். இதயத்தின் இடது மேலறையில் எலுமிச்சையளவு கட்டி. முதலில் எடுத்த சாதாரணத் தட்டைப் படத்தில் அது வால்வில் ஒட்டியிருப்பதுபோல் தெரிந்தது.

“வால்வையும் எடுத்துட்டு, செயற்கை வால்வு வெச்சிடலாம்,” என்றார் சர்ஜன். கை பொறுமையான கைதான். பேச்சுதான் எடுத்தேன் கவிழ்த்தேன்.

ஓட்டுநரின் முகம் செத்துப்போயிற்று. “என் சொந்த வால்வைக் காப்பாத்த வழியே இல்லையாக்கா?”

“இருங்க, சுத்திப் பார்த்துட்டுச் சொல்றேன்,” என்று அக்கா அவரை மூச்சுப் பிடிக்க வைத்தார். திரையில் இதயத்தைத் திருப்பினார், குறுக்கே வெட்டினார், மேலிருந்து எட்டிப் பார்த்தார். அட! கட்டியின் காம்பு இரண்டு மேலறைகளுக்கும் நடுவிலுள்ள சுவரில் இருந்தது. வால்வில் அது சும்மா வந்து வந்து மோதிக்கொண்டிருந்தது.

“காம்பு சுவத்துல சார்! வால்வு தப்பிச்சுது!” என்று துள்ளினார் அக்கா. துள்ளிய வேகத்தில் “விடுங்க” என்று சொல்ல மறந்துபோனார். ஓட்டுநரோ சொன்ன சொல் தட்டாதவர். முகம் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்துவிட்டது.

“அம்மா தாயே, முதல்ல அந்த ஆளை மூச்சு விடச் சொல்லு!” என்று அலறினார் சர்ஜன்.

“வால்வு தப்பிச்சுது, சரி,” என்று மூச்சிரைத்தார் ஓட்டுநர். “நான் தப்பிக்க வேணாமா?”

சர்ஜனுக்கு அரை நம்பிக்கைதான். எதற்கும் இருக்கட்டும் என்று செயற்கை வால்வுப் பெட்டி ஒன்றோடுதான் ஆபரேஷனுக்குப் போனார். அன்று காலை முழுதும் அக்கா அந்தப் படத்தையே திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார். படம் பொய் சொல்லியிருந்தால்?

மத்தியானம் சர்ஜன் வந்தார். சீல் பிரிக்காத அந்த வால்வுப் பெட்டியை அக்காவின் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

அக்கா கண்ணைத் துடைக்கத் துண்டை எடுத்தார். அது நோயாளிகளின் நெஞ்சில் தடவிய ஜெல்லைத் துடைக்கிற துண்டு. இமையிலும் மூக்கிலும் ஜெல் வழிய, பெட்டியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.