ஜெயசீலன் அண்ணா விட்டுக்கொடுக்காத இடம்

செவ்வாய்க்கிழமை காலை, ஆக்லாந்தின் ஈஸ்ட் டாமாக்கியில் நான் வேலைக்குள் நுழையும்போது கைபேசி ஒலித்தது. திரையில் மாலினி அக்காவின் பெயர். அவர் வாய் திறக்கும் முன்பே எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது. அவருடைய கணவரும் எங்கள் பேஸ்பால் அணியின் கோச்சுமான ஜெயசீலன் அண்ணா அன்று அதிகாலை மாரடைப்பால் காலமாகிவிட்டார். எனக்கு எப்படி முன்கூட்டியே தெரிந்தது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

யாழ்ப்பாணத்தில் பிறந்து, கொழும்பில் படித்த காலத்தில் பேஸ்பால் பழகியவர் அவர். ஆக்லாந்தில் பென்ரோஸ் கிடங்கொன்றில் வேலை, வார இறுதியில் ஆட்டம். நாலைந்து கிளப்புகள் மாறியும் தனக்கென்று ஓர் இடம் அமையவில்லை. அடிப்பவருக்குப் பின்னால் பந்து பிடிக்கும் கேட்சர் வராவிட்டால் அவரைக் கூப்பிடுவார்கள், முதல் பேஸில் ஆள் குறைந்தாலும் அவரைத்தான். உரியவர் வந்ததும் மறுபடி பெஞ்ச். ஒருமுறை விரல் முறிந்ததை மறைத்து, டேப் சுற்றிக்கொண்டு ஆட்டம் முடியும்வரை நின்றாராம்.

"நோகுது எண்டு சொன்னா, அடுத்த கிழமை அதில வேற ஆள் நிப்பான், தங்கச்சி" என்று பின்னாளில் என்னிடம் சொன்னார்.

பிறகு லின்ஃபீல்டில் எங்கள் அணிக்குக் கோச் ஆனார். மூன்றாம் பேஸ் பக்கத்துக் கட்டத்தில் நின்று, ஓடுபவர்களுக்கு ஓடு, நில் என்று கைகாட்டுவதும் அவர்தான். நான் ஸ்கோர் எழுதுகிறவள். ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்பும் எல்லோரிடமும் "எங்கயாவது நோகுதோ?" என்று கேட்பார். ஆமாம் என்றவரை உட்காரவைத்து, "உம்மட இடம் எங்கயும் போகாது, சுகமாகி வாரும்" என்பார். அந்தச் சலுகையைத் தனக்கு மட்டும் அவர் கொடுத்துக்கொள்ளவே இல்லை.

இந்த சீசனின் நடுவில் ஒருநாள், கார் நிறுத்துமிடத்தில் வேலிக்கம்பியைப் பிடித்தபடி வியர்த்து நின்றார். நான் விடாமல் கேட்டதும் சொன்னார்.

"டாக்டர் ஹார்ட் ஆபரேஷன் செய்யவேணும் எண்டவர். சீசன் முடியட்டும். கிளப்பிலயும் வீட்டிலயும் கதைச்சுப்போடாதேங்கோ."

"அக்காகிட்டயாவது சொல்லிடுங்கண்ணா."

"ஓம், சொல்லுறன்."

அதன்பின் நான் ஒழுங்காக ஸ்கோர் எழுதவில்லை. அவர் நெஞ்சைத் தடவினால் என் பென்சில் நின்றுவிடும். சனிக்கிழமை நல்லபடியாகக் கழிந்தால் நிம்மதியாக வீடு திரும்புவேன். அடுத்த வெள்ளிக்கிழமையே பயம் திரும்ப வந்துவிடும். பலமுறை அக்காவின் எண்ணை எடுத்து, அழைக்காமலே வைத்தேன்.

வியாழக்கிழமை, இறுதிச்சடங்கு முடிந்ததும் அக்கா என்னைத் தனியே அழைத்தார். அண்ணாவின் மருந்துச்சீட்டு அவர் கையில் இருந்தது.

"உங்களுக்குத் தெரியுமோ?"

"தெரியும்க்கா."

அக்கா அந்தச் சீட்டை மடித்துப் பைக்குள் வைத்தார். "ஒருத்தருக்கும் சொல்லாமல் தனியக் கிடந்து பயந்தாரோ எண்டு ரெண்டு நாளா நித்திரையில்லை. உங்களுக்காவது சொல்லியிருக்கிறார்" என்றார். பிறகு, "ஆனா நீங்கள் எனக்குச் சொல்லியிருக்கலாம்" என்றார்.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் என்னால் கொஞ்சம் தாங்கிக்கொள்ள முடிந்திருக்கும்.

நேற்றுச் சனிக்கிழமை அணி ஆடியது. மூன்றாம் பேஸ் பக்கத்தில் கோச் நிற்கும் கட்டத்துக்குள் யாரும் போகவில்லை. யாரும் அப்படிப் பேசிவைத்துக்கொள்ளவும் இல்லை. ஓடுவதா நிற்பதா என்று சொல்ல ஆளில்லாமல் மூன்று பேர் அவுட் ஆனார்கள், தோற்றோம். அப்போதும் அந்தக் கட்டம் காலியாகவே இருந்தது.

போய் வாருங்கள், அண்ணா. நீங்கள் ஆபரேஷனுக்குப் போயிருந்தாலும், திரும்பி வரும்வரை அந்தக் கட்டம் உங்களுக்காகக் காலியாகத்தான் இருந்திருக்கும். அதை உங்களிடம் நான் சொல்லியிருக்க வேண்டும்.